தாஸ்பெல் பீரின் நிச்சயதார்த்தம்

காலஞ்சென்ற தன் தகப்பனாரின் முகத்தை அவருடைய கல்லறையிலிருந்து முப்பது நாட்களுக்குள் அகற்றிக்கொள்ள வேண்டும் என்று எசென்குல் அண்ணனுக்குக் கடிதம் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அதைத் தட்டச்சு செய்தவள் நான். அந்த முகம் தாஸ்பெல் பீர் நிறுவனத்தின் பதிவு பெற்ற சொத்து என்றும், அகற்றத் தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அதில் இருந்தது. கடைசியில் 'தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம்' என்று ஒரு வரி. அது என் யோசனை இல்லை. எங்கள் கடிதத்தாள்களில் அது அச்சாகியே வரும்.

நான் ஒரின்ஷா. தாஸ்பெல் பீர் நிறுவனத்தின் மரபுப் பிரிவில் ஆறு வருஷமாக எழுத்தர், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர். மரபுப் பிரிவின் வேலை, இல்லாத மரபை உண்டாக்கிக் கொடுப்பது. எங்கள் ஊர் ஆலையை அரசாங்கம் கட்டியது 1961-இல். பின்னாளில் அதை வாங்கிய மேலிடம், பீருக்கு இந்த வயது போதாது என்று சொல்லிவிட்டது. மேலிடம் என்றால் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. காலையில் மின்னஞ்சல் வரும், மாலைக்குள் செய்து முடிப்போம். லேபிளில் 1868 என்று போடச் சொன்னார்கள். அந்த வருஷம் எங்கள் ஊரில் பீர் கிடையாது, ஊரே கிடையாது, ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. இருந்தாலும் போட்டோம்.

அப்புறம், அந்தப் பீரை முதன்முதலில் காய்ச்சிய ஆள் ஒருவர் வேண்டுமென்றார்கள். பைதோரே பாட்டன் என்று பெயர் வைத்தோம். பெயருக்கு ஒரு முகம் வேண்டும். பழைய ஆலையின் சிறந்த தொழிலாளர் பலகை கிடங்கில் தூசி படிந்து கிடந்தது. இடமிருந்து மூன்றாவது படத்தை எடுத்து, ஓவியர் அதற்கு ஓநாய்த்தோல் குல்லாய் மாட்டி, தாடி வளர்த்து, கீழே 1868 என்று எழுதினார். இடது புருவத்தில் இருந்த தழும்பை மட்டும் தொடவில்லை. தழும்பு இருந்தால் ஜனங்கள் நம்புவார்கள் என்பது மேலிடத்தின் ஆராய்ச்சி முடிவு.

படத்தில் இருந்தவர் சபர்கலி. எசென்குல் அண்ணனின் தகப்பனார். இருபத்தொன்பது வருஷம் பீப்பாய் லாரி ஓட்டியவர். வயிற்றுப்புண் காரணமாக ஆயுளில் ஒரு மிடறு பீர் குடித்ததில்லை. மகன் கல்யாணத்தில்கூட ஒட்டகப்பால்தான். அவர் இறந்ததும் மகன் அதே பலகைப் படத்தின் நகலைக் கொடுத்துக் கறுப்புக் கல்லில் முகம் செதுக்கி வைத்தார். கல் வைத்து எட்டு வருஷத்துக்குப் பிறகுதான் பீர் நிறுவனம் முகத்தைப் பதிவு செய்தது. லேபிளைப் பார்த்தபோது எசென்குல் அண்ணன் சண்டைக்கு வரவில்லை. தாடியில் அப்பாவுக்குக் களை வந்திருக்கிறது என்று சொன்னாராம். மின்சார மீட்டர் அளவெடுக்கும் வேலை அவருக்கு. வாசலில் நாய் குரைத்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போகிற மனிதர்.

இத்தனை வருஷம் இல்லாத கடிதம் இப்போது ஏன் போனதென்றால், சைக்கிளில் உலகம் சுற்றும் ஒரு வெள்ளைக்காரப் பையன் சாலையோரக் கல்லறையில் அந்த முகத்தைப் பார்த்து, பீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். மேலிடத்திலிருந்து ஒரே கேள்வி வந்தது. இந்தக் கல்லுக்கு அனுமதி கொடுத்தது யார்?

கடிதத்தையும் தகப்பனாரின் அசல் படத்தையும் எடுத்துக்கொண்டு எசென்குல் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். மரபுப் பிரிவு இயக்குநர் கென்ஜெதாய் அவருக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார். கென்ஜெதாய் எங்கள் ஊர்க்காரர்தான். தலைநகரத்தில் படித்துவிட்டு வந்து, சட்டைப் பையில் எப்போதும் இந்த மண்ணின் ஒரு பிடியைக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருப்பார். அந்தக் குப்பிகள் மேலிடத்திலிருந்து பெட்டி பெட்டியாக வரும். மண் எந்த நாட்டுடையது என்று குப்பியின் அடியில் போட்டிருக்கும். நான் படித்ததை வெளியில் சொன்னதில்லை.

"இது எங்கப்பா மூஞ்சிங்க," என்றார் எசென்குல் அண்ணன்.

"மூஞ்சி யாருக்கு வேணா இருக்கலாம்ணே. பதிவு யாருகிட்ட இருக்குங்கறதுதான் பேச்சு. பைதோரே பாட்டன் பதிவானவரு. உங்கப்பா சும்மா பொறந்தவரு."

புருவத் தழும்பைக் காட்டினார் எசென்குல் அண்ணன். குளிர்காலத்தில் லாரி கிளப்பும்போது கம்பி தெறித்து அடித்த காயம் என்றும், தன் அம்மாதான் கட்டுப் போட்டாள் என்றும் சொன்னார். பைதோரே பாட்டனை அந்த இடத்தில் ஓநாய் கடித்தது என்றும், அதற்கு ஆவணம் இருக்கிறது என்றும் இயக்குநர் பதில் சொன்னார். ஆவணம் இருந்தது உண்மை. மூன்று வருஷத்துக்கு முன்னால், சாப்பாட்டு இடைவேளை முடிந்து தூக்கம் வந்த ஒரு மதியத்தில் நான்தான் எழுதினேன்.

"வருஷத்தைப் பாருங்கண்ணே. எங்காளு 1868. உங்கப்பா 1934. யாரைப் பாத்து யாரு காப்பியடிச்சிருப்பாங்க? நீங்களே நியாயம் சொல்லுங்க."

எசென்குல் அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு இயக்குநர் பக்கம்தான் நின்றது. அவர் முகத்தில் அப்போது தெரிந்த குழப்பம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தகப்பன் சார்பில் ஒரு திருட்டுக்கு வெட்கப்படுபவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் இரக்கப்பட்டார். தாஸ்பெல் இந்த மண்ணின் மானம் என்றும், வெளியாள் எவனும் அதன்மேல் விரல் வைக்க முடியாது என்றும், ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் விட்டுக்கொடுக்காமல் யார் விட்டுக்கொடுப்பது என்றும் நெஞ்சில் கை வைத்துப் பேசினார். ஏதாவது சலுகை உண்டா என்று எசென்குல் அண்ணன் கேட்டபோது, "கேட்டுச் சொல்றேன். அங்க இப்ப தூங்கிட்டிருப்பாங்க," என்றார்.

அங்கே எழுந்தார்கள். சலுகையும் வந்தது. முகம் கல்லில் இருக்கலாம். ஆனால் அது பீர் விளம்பரமாகக் கருதப்படுவதால், முகத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, 'மது உடல்நலத்துக்குக் கேடு, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை' என்று அதே கல்லில் செதுக்க வேண்டும். எசென்குல் அண்ணன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"தங்கச்சி, எம்பேரனுக்கு ஒம்பது வயசு. அப்ப அவன் தாத்தா கல்லறைக்குப் போகக்கூடாதா?"

விதிகளில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். ஆறு வருஷமாக எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் அதுதான்.

இதற்கு நடுவில் பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோக்சாய் என்று ஓர் ஊர். அவர்களுக்கும் ஒரு பீர் உண்டு, ஊர்ப் பெயரேதான். எங்கள் பாட்டிலில் 'நம்ம மண், நம்ம தண்ணி' என்று இருக்கும். அவர்கள் பாட்டிலில் 'அந்நியன் கை படாதது' என்று இருக்கும். இரண்டு ஊருக்கும் இதில் ஜன்மப் பகை. எங்கள் ஊர் விருந்தில் கோக்சாய் பாட்டில் தெரிந்தால் சமையல்காரன் வெளியே போய்விடுவான். எட்டு வருஷத்துக்கு முன் கால்பந்து மைதானத்தில் தாஸ்பெல்லைக் கழுதை மூத்திரம் என்று ஒரு கோக்சாய்க்காரன் சொல்ல, என் வீட்டுக்காரர் அவனை அடிக்கப் போய், முன்பல் இரண்டைக் கொடுத்துவிட்டு வந்தார். இன்றைக்கும் ரொட்டியை ஓரப்பல்லால்தான் கடிக்கிறார். அந்தப் பற்களைப் பற்றி அவருக்குப் பெருமை வேறு.

இனிமேல் ஒரே ஆலை, ஒரே பீர் போதும் என்று மேலிடம் முடிவு செய்தது. வெறுமனே அறிவித்தால் இரண்டு ஊரும் பற்றி எரியும். ஆகவே இரண்டு பீருக்கும் கல்யாணம் செய்து வைப்பது என்று தீர்மானமாயிற்று. ஜன்மப் பகை தீர்ந்தது, இரு ஊரும் சம்பந்தி ஆயின என்று தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டி, பிறகு ஓசைப்படாமல் ஓர் ஆலையை மூடிவிடலாம். முதலில் நிச்சயதார்த்தம். தாஸ்பெல் பாட்டில் கொஞ்சம் ஒல்லி என்பதால் அதைப் பெண் ஆக்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தம் என்றால் இரு வீட்டாரும் ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயரைச் சபையில் சொல்ல வேண்டும். ஒரு பெயர் ஒத்துப்போனாலும் போச்சு, அண்ணன் தங்கை முறை. கறி வெந்துகொண்டிருந்தாலும் சட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பெயர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஆட்டு ஈரலும் வால்கொழுப்பும் ஊட்டிக்கொள்வார்கள். அதைத் தின்றபின் யாராலும் பேச்சை மாற்ற முடியாது. மேலிடத்துக்கு இந்தச் சடங்கு மிகவும் பிடித்துப்போனது. படம் நன்றாக வரும் என்றார்கள்.

பெண் வீட்டு வம்சத்தைச் சொல்ல பைதோரே பாட்டனின் வாரிசு வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். பதினொரு பேர் வந்தார்கள். எசென்குல் அண்ணனும் வந்தார். வாரிசாகத் தேர்வாகிவிட்டால் முகத்தின்மேல் ஏதாவது உரிமை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. தேர்வுக் குழு அவருக்கு நான்காம் இடம் கொடுத்தது. 'முகச்சாயல் போதாது' என்று குறிப்பு. முதலிடம் பெற்ற நாடக நடிகர் ஒத்திகையில் நிறுவனத்தின் பொருளையே குடித்து மேடையிலிருந்து விழுந்தார். இரண்டாமவர் கோக்சாய்க்காரர் என்று தெரியவந்தது. மூன்றாமவருக்கு மைக்கைப் பார்த்தாலே உதறல். அப்படித்தான் எசென்குல் அண்ணன் முகத்தில் தாடியை ஒட்டி, தன் தகப்பனுக்கே கொள்ளுப்பேரனாக நடிக்க வைத்தோம்.

அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். விழா முடிந்ததும் கல்லறைக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும், அப்பா முகம் இருந்தபடியே இருக்க வேண்டும். இயக்குநர் சரி என்றார். எழுதிக் கொடுங்கள் என்றதற்கு, மண் குப்பியை அவர் கையில் வைத்து அழுத்தி, "நாம எல்லாம் ஒரே மண்ணுண்ணே. எழுத்து எதுக்கு?" என்றார். எசென்குல் அண்ணன் நம்பினார். நான் புனைந்து கொடுத்த ஏழு பெயர்களை மீட்டர் அளவெடுக்கப் போகும் வழியெல்லாம் உருப்போட்டார். நல்ல பெயர்கள்தான். பாடுபட்டு யோசித்தவை.

விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஃபெல்மர் என்ற பெரிய அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. விருந்தினர் நாற்காலிகளில் பெயர்ப்பலகை வைப்பது என் பொறுப்பு. பெண்ணின் தகப்பனார் இடத்தில் யார் என்று இயக்குநரைக் கேட்டேன். ஃபெல்மர் என்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் இடத்தில் யார் என்று கேட்டேன். அதுவும் ஃபெல்மர்தான் என்றார்.

"ஒரே ஆளு ரெண்டு நாற்காலியில எப்படி உக்காருவாரு, ஐயா?"

"அங்கி மாத்திக்குவாரு. பொண்ணு வீட்டுக்கு நீலம், மாப்ள வீட்டுக்குச் சிவப்பு. நீ ரெண்டும் தைக்கக் குடு."

விசா அழைப்புக் கடிதத்துக்காக இரு நிறுவனங்களின் பதிவுச் சான்றுகளும் என்னிடம் வந்தன. அதுவரை நான் அவற்றைப் படித்ததில்லை. அன்று கீழிருந்து மேலாகப் படித்தேன். தாஸ்பெல்லுக்கு ஒரு தகப்பன் நிறுவனம். கோக்சாய்க்கு ஒரு தகப்பன் நிறுவனம். இரண்டையும் பெற்றது ஒன்றே, அல்மாட்டி நகரத்தில் ஒரு மூன்றாம் மாடியில் இருப்பது. அதற்கும் மேலே ஒன்றன்மேல் ஒன்றாக, தீவு தீவாக, நாடு நாடாக ஏறிப்போனால் ஏழாவதாக ஒரு தபால்பெட்டி. எண் 414. இரண்டு சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது தலைமுறையிலிருந்து ஏழாவது வரை ஓர் எழுத்து மாறவில்லை. பெரியப்பா மகளுக்கும் சித்தப்பா மகனுக்கும் நிச்சயம் பண்ணப்போகிறோம்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் ஓரப்பல்லால் ரொட்டி கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிமாளாது. ஆறு வருஷம் சம்பளத்தோடு சேர்த்து விழுங்கிய கோபம் அது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன?

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, வழக்கம்போல எசென்குல் அண்ணன் தகப்பனார் கல்லறைக்குத் துஆ ஓதப் போனார். முகத்தின்மேல் ஓர் இரும்புத் தகடு வைத்து நான்கு மூலையிலும் ஆணி முடுக்கியிருந்தது. ஃபெல்மரின் கார் அந்தச் சாலையில்தான் வரும், கல் அவர் கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவையும் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். சாலை பராமரிப்பு என்று தலைப்பு இருந்ததால் உள்ளே படிக்கவில்லை.

அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். குல்லாயைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். தேநீர் ஆறிப்போனது.

"வாயில ஆணி அடிக்கல தங்கச்சி, ஓரமாத்தான் அடிச்சிருக்காங்க," என்றார். "அதுக்குக்கூட நான் நன்றி சொல்லணும்னு நெனைக்கிறாங்கபோல."

பிறகு, உத்தரவில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டார். இயக்குநர் என்றேன். கல்லில் துளை போட்டவர்களைத் தான் என்ன செய்ய முடியும், தன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் குரலில் குழப்பம் இல்லாமல் ஒரு கேள்வி வந்ததை நான் அன்றுதான் கேட்டேன். உள்ளே போய், பதிவுச் சான்றுகளைப் பார்த்து எழுதி வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மைக் உங்க கையில இருக்குண்ணே. ஏழு பேரு சொல்லணும், அவ்வளவுதான. இந்த ஏழையும் சொல்லுங்க."

அவர் படித்தார். என் வீட்டுக்காரரும் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். அவருக்கு முதலில் புரியவில்லை. விரலை ஒவ்வொரு பெயரிலும் வைத்து மறுபடியும் மேலே போனார். அப்புறம் நாக்கால் முன்பல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைத் திடலில் இரண்டு ஊரும் கூடின. மேடையில் இரண்டு பீப்பாய்கள். ஒன்றுக்கு வெள்ளிக்காசு தொங்கும் உயரமான மணப்பெண் தொப்பி, மற்றதற்கு இடைவார், நரித்தோல் குல்லாய். முன்வரிசையில் கம்பளம் விரித்து இரு ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்திருந்தார்கள். நிறுவனம் பேருந்து அனுப்பிக் கூட்டிவந்த நிஜப் பெரியவர்கள். அவர்கள் கை விரித்து வாழ்த்துச் சொன்னால்தான் சடங்கு செல்லும். அதில் மூத்தவர் கோக்சாய்க்காரர் திலெமிஸ். தன் சொந்தப் பேத்தியின் நிச்சயத்தை ஆறாவது தலைமுறையில் ஒரு பெயர் இடித்தது என்று நிறுத்தியவர்.

இயக்குநர் பேசினார். அந்நியப் பொருள்கள் இந்த மண்ணை விழுங்கப் பார்க்கும் காலத்தில் நம் இரண்டு பிள்ளைகள் கைகோத்து நிற்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பிறகு நீல அங்கியில் ஃபெல்மர் எழுந்தார். நல்ல மனிதர், நிறையச் சிரித்தார். நான் மொழிபெயர்த்தேன். உள்ளூர் என்பது எங்கள் உயிர், என்றார். நாற்பத்தோரு நாடுகளில் உள்ளூர் எங்களுடையது, என்றார். ஜனங்கள் பலமாகக் கைதட்டினார்கள். ஒலிபெருக்கியின் இரைச்சலில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

எசென்குல் அண்ணன் மைக்கின் முன்னால் வந்து நின்றார். ஒட்டிய தாடியை மெதுவாகப் பிய்த்தெடுத்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது நிறுவனத்தின் சொத்து, தொலைத்தால் பணம் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருந்தோம்.

"பொண்ணோட ஏழு தகப்பனைச் சொல்றேன். பெரியவங்க கேளுங்க," என்றார். "தாஸ்பெல்லைப் பெத்தது தாஸ்பெல் பானங்கள் நிறுவனம். அதைப் பெத்தது ஸ்தெப்பிப் பானங்கள், அல்மாட்டியில மூணாவது மாடி. அதைப் பெத்தது சிவப்பு மால்ட் முதலீடு, நான் பார்க்காத ஊரு. அதைப் பெத்தது நீலக்கடல் பங்குகள், ஒரு தீவு. அதைப் பெத்தது வடகரைக் காப்பகம், இன்னொரு தேசம். அதைப் பெத்தது ஐயா ஃபெல்மரோட மேலிடம். மேலிடத்தைப் பெத்தது வேறொரு தீவுல ஒரு தபால்பெட்டி. நம்பர் நானூத்திப் பதினாலு. ஏழாச்சு."

இயக்குநர் மைக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினார். ஒலிபெருக்கி போட்டவர் கோக்சாய்க்காரர். அவருக்கும் கேட்க ஆசையாக இருந்திருக்க வேண்டும், அசையவில்லை. திலெமிஸ் பெரியவர் ஃபெல்மரைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு அப்பன் நீங்கதானே, இவர் சொன்ன வரிசை சரிதானா என்று கேட்டார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

ஃபெல்மர் அசந்துபோனார். எங்கள் இயக்குநர் குழுவிலேயே இதைத் தாள் பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் இல்லை, இந்தத் தொழிலாளியை நான் மனமாரப் பாராட்டுகிறேன் என்றார்.

"அப்ப மாப்பிள்ளைக்கு அப்பன் யாரு?" என்று கேட்டார் பெரியவர்.

ஃபெல்மர் இதற்காகவே காத்திருந்தவர்போல நீல அங்கியைக் கழற்றிச் சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்தார். நானே, என்றார். எங்கள் நிறுவனத்தில் பிரித்துப் பார்ப்பது கிடையாது, நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம், என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். ஆறு வருஷத்தில் என் வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்தது அன்றைக்குத்தான்.

இயக்குநர் அவசரமாக ஈரலும் வால்கொழுப்பும் வைத்த தட்டை எடுத்து நீட்டினார். ஊட்டிவிட்டால் முடிந்தது என்ற நினைப்பு. ஃபெல்மர் ஒரு துண்டை எடுத்துச் சம்பந்தியைத் தேடினார். எதிர் நாற்காலியில் யாரும் இல்லாததால் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

திலெமிஸ் பெரியவர் விரித்த கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"தங்கச்சியை அண்ணனுக்குக் கட்டி வைக்கிறீங்க. அதுக்கு எங்கையால வாழ்த்து கேக்கறீங்க. இனிமே இந்த ரெண்டையும் எவன் விருந்துல வைக்கிறானோ, அவன் வீட்டுத் துணி விரிப்புல நான் உக்கார மாட்டேன். என் ஊருலயும் எவனும் உக்கார மாட்டான்."

எங்கள் ஊர்ப் பெரியவர்களும் எழுந்தார்கள். அதற்குப் பின் திடல் கலைந்ததைச் சொல்ல நேரமாகாது. கூட்டத்துக்குள் என் வீட்டுக்காரர் தன் பல்லைப் பேர்த்தவனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். நான் பதறிக்கொண்டு ஓடினேன். அந்த ஆள் இவர் வாயை அண்ணாந்து பார்த்து, "எந்தப் பல்லு? இதா? அடப்பாவி, ஒரே பீருக்கா அடிச்சுக்கிட்டோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் மேடையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஃபெல்மர் மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். அவர் ஏற்கனவே காரில் ஏறியிருந்தார், சிவப்பு அங்கியோடு.

பீப்பாய்கள் மணக்கோலத்தில் நான்கு நாள் திடலிலேயே நின்றன. முறை தப்பியதைத் தொட்டால் ஆகாது என்று குப்பைக்காரர்கூட மறுத்துவிட்டார். கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. ஒல்லி பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்த புருஷனைப் பெண்கள் வாசலிலேயே நிறுத்தினார்கள். இலையுதிர் காலத்துக் கல்யாணங்களில் இரண்டு ஊரிலும் ஒரு பாட்டில் திறக்கவில்லை. என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்திலும் 'தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம்' என்று இருந்தது. எனக்குத் துயரம் ஒன்றும் இல்லை, வாய்விட்டுச் சிரித்தேன்.

மேலிடம் பைதோரே பாட்டனைக் கைவிட்டது. அப்படி ஒருவரை நிறுவனத்துக்குத் தெரியாது என்றும், லேபிளில் இருக்கும் முகம் சபர்கலி என்ற லாரி ஓட்டுநருடையது என்றும், அதற்கும் நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் முத்திரை போட்டு அறிக்கை விட்டது. தகட்டைக் கழற்ற மரபுப் பிரிவு இயக்குநரையே அனுப்பியது. பிரிவில் அதற்குள் வேறு ஆள் மிச்சமில்லை.

எசென்குல் அண்ணன் என்னையும் கல்லறைக்கு வரச் சொல்லியிருந்தார். கென்ஜெதாய் டை கட்டிக்கொண்டு மண்டியிட்டு, ஒவ்வோர் ஆணியாகத் திருகிக் கழற்றினார். காற்று பலமாக வீசியது. எசென்குல் அண்ணன் உதவிக்குக் குனியவில்லை. தகடு விலகியதும் சபர்கலி பெரியவரின் முகம் தெரிந்தது, தாடியில்லாமல், புருவத் தழும்போடு. சுற்றி நான்கு துளைகள்.

"நல்ல கொத்தனாரை வெச்சு அடைச்சுக் குடுத்துடறோம்ணே. தடம் தெரியாது," என்றார் இயக்குநர்.

"அடைக்கக்கூடாது. எம்பேரன் கேப்பான். யாரு போட்டதுன்னு உம்பேரைச் சொல்லணும், உங்கப்பன் பேரையும் சொல்லணும்."

கென்ஜெதாய் தலைகுனிந்தபடி காருக்குப் போனார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லை. எசென்குல் அண்ணன் வெளியே, ஆலைக்குத் திரும்பும் சாலை முனைக்கு என்னைக் கூட்டிப் போனார். கல்தச்சர் அங்கே ஒரு பெரிய கறுப்புக் கல்லை நட்டு வைத்திருந்தார். தாஸ்பெல்லின் ஏழு தகப்பன்மாரும் வரிசையாக அதில் இருந்தார்கள், நான் எழுதிக் கொடுத்த எழுத்துக்கு எழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பதிவான தேதி. கடைசியில் தபால்பெட்டி எண்.

உளியைத் துடைத்துக்கொண்டே கல்தச்சர் ஒரு சந்தேகம் கேட்டார். பிறந்த தேதியெல்லாம் போட்டாயிற்று, செத்த தேதி என்னவென்று போடுவது?

"இடம் விட்டு வை," என்றார் எசென்குல் அண்ணன். "நான் அளவெடுத்துச் சொல்றேன்."